கருவுற்ற தாயும் புகைப்பழக்கமும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கருவுற்ற தாய் ஒருத்தி புகைப்பழக்கத்தை விட முயலும்போது அவளுக்குக் கிடைக்க வேண்டிய துணையைப் பற்றியது. ‘இது மருத்துவர் பேச வேண்டிய பொருளாயிற்றே, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இதில் என்ன வேலை?’ என்று நீங்கள் எண்ணலாம். மருந்தைப் பற்றி மட்டும் பேச நான் வரவில்லை. தமக்கும் தம்மைச் சேர்ந்தார்க்கும் தீங்கு என்று அறிந்த ஒன்றை விட முடியாமல் ஒருவர் தவிக்கும்போது, அருகில் இருப்போர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே இப்பேச்சின் கருத்து. அஃது ஆசிரியனுக்கு உரிய கேள்வி. நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆசிரியராகவும், கணவராகவும் மனைவியாகவும் விளங்கப்போகும் உங்களுக்கும் உரிய கேள்வி.

நம் நாட்டில் புகைபிடிக்கும் பெண்கள் மிகச் சிலரே. ஆதலால் இப்பொருளைத் தெளிவாகக் காண, அப்பழக்கம் பெண்களிடையே பெருகியிருந்த பிரிட்டனுக்குச் செல்வோம். இரண்டாம் உலகப்போர் முடிந்து மூன்றாண்டுகள் கழிந்த 1948-இல், அந்நாட்டுப் பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 41 பேர் சிகரெட் பிடித்தனர். ஆடவரிடையே இப்பழக்கம் அதனினும் மிகுதி. சிகரெட் பிடிப்பதை அங்கு எவரும் குறையாகக் கருதவில்லை. அலுவலகத்திலும், புகைவண்டியிலும், சில மருத்துவமனைகளின் படுக்கையருகிலுங்கூடச் சாம்பல் கிண்ணம் இருந்த காலம் அது.

1950-இல் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இரு பிரிட்டிஷ் அறிஞர்கள், புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கை கொண்டு காட்டினர். ஆயினும் தாயின் புகை கருவிலுள்ள குழந்தையையும் தாக்குமா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை. 1957-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த சிம்சன் என்னும் அம்மையார் அக்கேள்விக்கு விடை கண்டார். புகைபிடித்த தாய்மார்க்கு எடை குறைந்த குழந்தைகளும் குறைமாதக் குழந்தைகளும் மிகுதியாகப் பிறந்தமையை மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து அவர் எடுத்துக்காட்டினார்.

மறு ஆண்டில் பிரிட்டனில் ஓர் அரிய ஆய்வு தொடங்கியது. 1958 மார்ச்சு மாதத்தில் ஒரு வாரம் முழுவதும் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காத்லாந்து ஆகிய பகுதிகளில் பிறந்த ஏறத்தாழ 17,000 குழந்தைகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டினர். தாயின் வயது, உயரம், குடும்பத்தின் தொழில், முந்திய பேறுகள் எல்லாவற்றையும் கணக்கில் கொண்டனர். அவ்வாறு கணக்கிட்டு வெளியிட்ட முடிவு 1972-இல் வந்தது. கருவுற்ற நான்காம் மாதத்திற்குப் பின்னும் புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 170 கிராம் எடை குறைந்திருந்தன. பிறப்பை ஒட்டி நேரும் குழந்தைச் சாவும் அத்தாய்மாரிடையே 100-க்கு 28 பங்கு மிகுந்திருந்தது. 170 கிராம் என்பது ஒரு கைப்பிடி அரிசியைவிடச் சற்றே மிகுதியான அளவுதான். ஆனால் மூன்று கிலோவும் நிறையாத சின்னஞ்சிறு உடலில் அது சிறு அளவன்று.

இது நேரும் முறையை உயிரியல் பயிலும் மாணவர்கள் எளிதில் உணரலாம். சிகரெட்டுப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உள்ளது. நம் குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், உயிர்வளியைப் பற்றிக்கொள்வதைப் போல் 200 மடங்குக்கும் மேலான விருப்போடு இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. பேருந்தில் இருக்கை முழுவதும் வேறொருவர் அமர்ந்துகொண்டால், ஏற வேண்டியவர் நிலையத்திலேயே நின்றுவிடுகிறார் அல்லவா? அவ்வாறே உயிர்வளி பின்தங்கி நிற்கிறது. கருவிலுள்ள குழந்தைக்குத் தனி மூச்சில்லை. தாயின் குருதியே அதற்குக் காற்று. மேலும், புகையிலையிலுள்ள நிகோடின் குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. இவ்விரண்டும் கூடி நஞ்சுக்கொடி வழியே செல்லும் உணவையும் காற்றையும் குறைக்கின்றன. கருச்சிதைவும், குறைமாதப் பேறும், இறந்து பிறத்தலும், பிறந்தபின் உறக்கத்திலேயே காரணம் தெரியாது குழந்தை இறந்துபோதலும் புகைபிடிக்கும் தாய்மாரிடையே மிகுதியாவதை மருத்துவ உலகம் இன்று ஐயமின்றி ஏற்றுக்கொண்டுள்ளது.

இவ்வளவும் அச்சம் தரும் செய்திகள். ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. புகையை நிறுத்திய ஓரிரு நாளிலேயே கார்பன் மோனாக்சைடு தாயின் குருதியை விட்டு நீங்கிவிடும். 1984-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வெளியான ஆய்வொன்று இதன் பயனை அளந்து காட்டிற்று. புகைபிடிக்கும் கருவுற்ற பெண்கள் 935 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் பழக்கத்தை விடத் தொடர்ந்து துணை செய்தனர். அப்பிரிவில் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 92 கிராம் கூடியிருந்தது. அப்பிரிவில் எல்லாரும் பழக்கத்தை விட்டுவிடவில்லை. விட்டவர், விடாதவர் அனைவரையும் சேர்த்துக் கண்ட சராசரியே இது. ஆகவே, தாய்க்குச் செய்யும் துணை குழந்தையின் உடலில் எடையாகச் சேர்கிறது என்பது தெளிவாயிற்று.

அப்படியானால், ‘உன் குழந்தைக்குக் கேடு, விட்டுவிடு’ என்று சொன்னால் போதாதோ? போதாது என்பதே நூற்றுக்கணக்கான தாய்மாரின் அனுபவம். நிகோடின் மூளையைப் பற்றும் பொருள். அது குறைந்தவுடன் எரிச்சலும், பதற்றமும், உறக்கமின்மையும், மனம் ஒருமைப்படாமையும் தோன்றும். மற்றொரு சிகரெட்டு அவற்றைச் சிறிது நேரம் தணிக்கும். வறுமையும் இதனோடு சேர்கிறது. இங்கிலாந்தில் புகைபிடிக்கும் கருவுற்ற பெண்கள் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. வேலை குறைந்து வறுமை மிகுந்த கடற்கரை நகரமாகிய பிளாக்பூலில், 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் குழந்தை பெற்ற பெண்களில் 100-க்கு 20-க்கும் மேற்பட்டோர் பேறுகாலத்திலும் புகைபிடித்தனர். அக்காலத்தில் செல்வம் மிக்க லண்டன் பகுதிகள் சிலவற்றில் அவ்வெண் 100-க்கு 5-க்கும் கீழே இருந்தது. வறிய பெண்ணின் கணவன் புகைபிடிக்கிறான், தாய் புகைபிடிக்கிறாள், தோழியர் புகைபிடிக்கின்றனர். வீட்டில் அவளுக்கென்று கிடைக்கும் ஐந்து நிமிட ஓய்வும் வாயிற்படியில் நின்று புகைக்கும் அந்நேரமாகவே இருக்கலாம். அவள் விட வேண்டியது ஒரு சிகரெட்டை மட்டுமன்று; தன்னைச் சூழ்ந்த வாழ்க்கையின் ஒரு பகுதியை.

இவற்றோடு நாணமும் சேர்கிறது. வயிறு தெரியத் தொடங்கியபின் சிகரெட்டுப் பிடிக்கும் பெண்ணைத் தெருவில் செல்வோர் எல்லாரும் முறைத்துப் பார்க்கின்றனர். அதன் விளைவு என்ன? ஸ்காத்லாந்தின் மேற்குப் பகுதியில் கருவுற்ற பெண்கள் 3,475 பேரைப் பற்றி நடந்த ஆய்வொன்று 2009-இல் வெளிவந்தது. ‘நீங்கள் புகைபிடிப்பதுண்டா?’ என்ற கேள்விக்கு 100-க்கு 24 பேர் ‘ஆம்’ என்றனர். அவர்களுடைய குருதியில் நிகோடினின் எச்சத்தைச் சோதித்தபோது, உண்மையில் 100-க்கு 30 பேர் புகைபிடிப்போர் எனத் தெரிந்தது. ஆக, புகைபிடிப்போர் ஐவரில் ஒருவர் ‘இல்லை’ என்று கூறி மறைத்துவிட்டார். அவர்களைப் பொய்யர் என்று கூற எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அஞ்சினார்கள். மறைத்தமையால் அவர்களுக்கு வர வேண்டிய துணை வராமலே போயிற்று.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற புதிதில், பள்ளியின் பின்சுவர் அருகே பீடி குடித்த மாணவன் ஒருவனைப் பிடித்தேன். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னிலையிலும் அவனை நிறுத்தி வைத்து, அவன் செய்ததைக் கூறினேன். அவன் தலை நிமிரவேயில்லை. அதன்பின் அச்சுவரருகே பீடித்துண்டு ஒன்றும் கிடக்கவில்லை. என் கண்டிப்பு வென்றதென்று பல ஆண்டுகள் பெருமை கொண்டிருந்தேன். பிறிதொரு நாள் அவனைப் பேருந்து நிலையத்தில் கண்டேன். இரு குழந்தைகளுக்குத் தந்தையாகியிருந்தான். என்னைக் கண்டதும் கையிலிருந்த சிகரெட்டைப் பின்னால் மறைத்தான். பழைய கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது, “அன்றைக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடித்ததே இல்லை, ஐயா. ஆற்றங்கரைக்குப் போய்விடுவோம்” என்றான். அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான்தான் வீட்டுக்கு வந்து நெடுநேரம் அதை எண்ணிக்கொண்டிருந்தேன். பழக்கத்தை அவன் விட வேண்டும் என்று நான் விரும்பினேன். அவனுக்கு நான் கற்பித்ததோ மறைத்துக்கொள்ளும் வழி. ‘உன்னால் விட முடிகிறதா? நான் என்ன செய்யட்டும்?’ என்று ஒருமுறையும் கேட்டேனில்லை.

பிரிட்டனின் மருத்துவத் துறை இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டது. 2010-இல் அந்நாட்டு மருத்துவ வழிகாட்டு நிறுவனம் ஒரு முறையை வகுத்துத் தந்தது. முதல்முறை மருத்துவச்சியைக் காண வரும் கருவுற்ற பெண் ஒவ்வொருவரிடமும், புகைபிடிப்பவரா இல்லையா என்ற வேறுபாடின்றி, மூச்சுச் சோதனை செய்ய வேண்டும் என்பது அதன் முதற்படி. அங்கு மருத்துவச்சி என்போர் முறையாகப் பயிற்சி பெற்றவர். கருவுற்ற நாள் தொட்டுப் பேறு முடியும்வரை தாயைக் கவனிப்பவர். சோதனை எளியது. பெண் மூச்சை இழுத்துச் சில விநாடி அடக்கிக்கொண்டு, பின்னர்க் கையடக்கக் கருவி ஒன்றின் குழாயில் மெல்ல ஊதுவாள். மூச்சுக் காற்றின் பத்து இலட்சம் பங்கில் கார்பன் மோனாக்சைடு எத்தனை பங்கு என்பதைக் கருவி எண்ணாகக் காட்டும். அவ்வெண் 4 அல்லது அதற்கு மேல் இருப்பின் மேற்கொண்டு விசாரிப்பர்.

எல்லாரையும் சோதிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. புகைபிடிக்காத பெண்ணுக்கும் சில வேளை எண் உயர்ந்து நிற்கும். வீட்டிலுள்ள எரிவாயு அடுப்போ வெந்நீர்க் கருவியோ பழுதுபட்டு நச்சுவாயுவைக் கசியவிட்டிருக்கலாம். அல்லது கணவன் புகைத்த புகை அறையில் தங்கியிருக்கலாம். எனவே இச்சோதனை குருதியழுத்தம் பார்ப்பது போன்ற ஒன்றாகிறது. ‘உன்மேல் ஐயம்’ என்று அது சொல்வதில்லை. ‘உன் மூச்சில் இவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்’ என்று சொல்கிறது. கேட்பவர் பழி சுமத்துவதில்லை. ஆதலின் சொல்பவருக்கும் மறைக்கத் தேவையில்லை.

இரண்டாம் படியும் இவ்வாறே கருத்துடன் அமைந்தது. புகைபிடிக்கும் பெண்ணிடம் முகவரி எழுதிய தாளைக் கொடுத்து, ‘வேண்டுமானால் போய்ப் பாருங்கள்’ என்று விட்டுவிடுவது முன்னைய வழக்கம். தாள் கைப்பையில் கிடக்கும், பேறு முடிந்துவிடும். புதிய முறையில், பழக்கத்தை விடத் துணை செய்யும் நிலையத்திற்கு மருத்துவச்சியே அவள் பெயரை அனுப்பிவிடுவார். நிலையத்தார் தாமே அவளை அழைப்பர். வேண்டாமென்றால் அவள் மறுத்துவிடலாம். வேண்டுமென்று கேட்கும் துன்பம் மட்டும் அவளுக்கு இல்லை. வடகிழக்கு இங்கிலாந்தில் மருத்துவச்சியர்க்குப் பயிற்சி தந்து இம்முறையை நடத்திப் பார்த்தனர். அதன் பயனை ஆராய்ந்த கட்டுரை 2018-இல் வெளிவந்தது. துணை நிலையத்திற்கு அனுப்பப்பட்ட பெண்களின் தொகை இரு மடங்குக்கு மேல் பெருகிற்று. பேறுகாலத்திற்குள் பழக்கத்தை விடும் வாய்ப்பும் கணிசமாக உயர்ந்தது. ஊர் மாறவில்லை, பெண்களும் மாறவில்லை. அவர்களை அணுகும் முறையே மாறியது.

துணை நிலையத்தில் நடப்பது யாது? பயிற்சி பெற்ற ஒருவர் வாரந்தோறும் அப்பெண்ணைச் சந்திக்கிறார். புகையை அறவே நிறுத்தும் நாள் ஒன்றை இருவரும் குறித்துக்கொள்கின்றனர். எந்த வேளையில் விருப்பம் மிகுகிறது, அவ்வேளையில் என்ன செய்யலாம், வீட்டில் புகைபிடிப்பவரை வெளியே செல்லுமாறு எப்படிக் கேட்பது என்பனபோன்ற சிறு செய்திகளைப் பேசுகின்றனர். ஒவ்வொரு முறையும் கருவியில் ஊதி, எண் இறங்கியிருப்பதைக் காண்கின்றனர். தேர்வில் மதிப்பெண் உயரக் கண்ட மாணவனைப்போல அவ்வெண் இறங்கக் கண்ட தாய் ஊக்கம் பெறுகிறாள்.

நிகோடினைத் தோல் வழியே சிறிது சிறிதாகச் செலுத்தும் ஒட்டுப்பட்டையையும், மெல்லும் கோந்தையும் அவளுக்குத் தருவதுண்டு. ‘நிகோடினை விடுவதற்கு நிகோடினா?’ என்று கேட்பீர்கள். பட்டையில் கார்பன் மோனாக்சைடும் தாரும் இல்லை. எரிந்த புகையினும் அதன் தீங்கு மிகக் குறைவு. ஆயினும் மருந்து மட்டும் போதாதென்பதையும் ஓர் ஆய்வு உணர்த்திற்று. 2012-இல் வெளியான அவ்வாய்வில் இங்கிலாந்தைச் சேர்ந்த கருவுற்ற பெண்கள் 1,050 பேர் பங்கேற்றனர். நிகோடின் பட்டை பெற்றோர்க்கும் வெறும் பட்டை பெற்றோர்க்கும் பேறுகாலத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நிகோடின் பட்டை பெற்றோரில் ஒரு மாதத்திற்கு மேல் அதனைப் பயன்படுத்தியவர் 100-க்கு ஏறத்தாழ 7 பேரே! மற்றொரு காரணமும் உண்டு. கருவுற்ற உடல் நிகோடினை வழக்கத்தைவிட விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். ஆதலால் மற்றையோர்க்குப் போதுமான அளவு அவளுக்குப் போதாமற்போகலாம். கருவுற்ற பெண்ணின் தவிப்பு மற்றவர் தவிப்பினும் கூடியதாக இருப்பதற்கும் இது காரணமாகலாம். ‘மற்றவர் விட்டார்களே, உனக்கென்ன?’ என்று அவளைக் கேட்பது எவ்வளவு பிழை, பாருங்கள்!

அடுத்து, பலர் வியப்புறும் ஒரு முறையைக் கூறுகிறேன். ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், புகைபிடித்த கருவுற்ற பெண்கள் 612 பேரைக் கொண்டு ஆய்வு நடத்தி, 2015-இல் முடிவை வெளியிட்டனர். எல்லார்க்கும் வழக்கமான துணை கிடைத்தது. ஒரு பிரிவினர்க்கு மட்டும், கூடுதலாகக் கடைகளில் பொருள் வாங்கிக்கொள்ளும் சீட்டுகள் வழங்கப்பட்டன. முதல் சந்திப்புக்கு வந்தால் 50 பவுன். நான்கு வாரம் புகையாதிருந்தால் 50 பவுன். பன்னிரண்டு வாரம் கழித்து 100 பவுன். கருவுற்ற கடைசி மாதங்களிலும் புகையாதிருந்தால் 200 பவுன். சொல்லை மட்டும் நம்பாமல் மூச்சுச் சோதனையும் செய்தனர். சீட்டுப் பெறாத பிரிவில் 100-க்கு ஏறத்தாழ 9 பேர் பழக்கத்தை விட்டனர். சீட்டுப் பெற்ற பிரிவில் 22-க்கும் மேற்பட்டோர் விட்டனர். பின்னர்ப் பல ஊர்களில் நடந்து 2022-இல் வெளியான பெரிய ஆய்விலும் இவ்வெண்கள் முறையே 12, 27 என வந்தன.

‘தாய் தன் கடமையைச் செய்யப் பணமா?’ என்று அங்கே பலர் சினந்தனர். நான் முதலில் படித்தபோது எனக்கும் அவ்வெண்ணமே எழுந்தது. பிறகு நம் நாட்டையே நினைத்துப் பார்த்தேன். ஏழை மாணவனுக்குப் படிப்புதவித் தொகை தருகிறோம். அதைப் படிப்பதற்குக் கொடுத்த கையூட்டு என்று எவரும் சொல்வதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழ்நாட்டில் நடைபெறும் மகப்பேறு உதவித் திட்டத்தில், கருவுற்றதைப் பதிவு செய்தல், மருத்துவமனையில் பேறு, குழந்தைக்குத் தடுப்பூசி என ஒவ்வொரு படியிலும் உதவித்தொகை வழங்கப்படுகிறது. கிளாஸ்கோவில் அச்சீட்டைப் பெற்ற பெண்ணும் குழந்தைக்குத் துணியும் பாலும் வாங்கியிருக்கலாம். ‘நீ படும் பாட்டை நாங்கள் கண்டோம்’ என்று ஊர் அவளிடம் சொல்லும் சொல்லாக அச்சீட்டு அமைகிறது.

இனி, பேறுக்குப் பின் நேர்வதைப் பார்ப்போம். பலரும் மறந்துவிடும் பகுதி இதுவே. கருவுற்ற காலத்தில் அரும்பாடுபட்டுப் பழக்கத்தை விட்ட பெண்களில், பத்தில் நான்கு பேருக்கு மேல், குழந்தை பிறந்த ஆறு மாதத்திற்குள் மீண்டும் புகைபிடிக்கத் தொடங்கிவிடுகின்றனர் எனப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டுள்ளனர். ஏன்? ஒன்பது மாதமும் எல்லாரும் குழந்தையைக் கருதியே அவளைக் கவனித்தனர். குழந்தை வெளியே வந்ததும் கவனிப்பும் குழந்தையோடு போய்விட்டது. இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் வேலை, வீட்டில் கணவன் கையில் சிகரெட்டு. ‘குழந்தைக்காகத்தானே விட்டேன், குழந்தைதான் பிறந்துவிட்டதே’ என்று அவள் மனமே அவளுக்கு வழக்காடுகிறது.

ஆனால் ஆபத்து அன்றோடு முடியவில்லை. வீட்டில் சூழும் புகை பச்சைக் குழந்தையின் நுரையீரலைத் தாக்குகிறது. உறக்கத்தில் நேரும் திடீர்ச் சாவின் வாய்ப்பையும் கூட்டுகிறது. தாயின் உயிரும் ஓர் உயிரன்றோ? அவள் இதயமும் நுரையீரலும் காக்கத் தக்கவை அல்லவோ? பேறுக்குப் பின்னும் ஓராண்டுக் காலம் சீட்டுகள் வழங்கித் துணைநின்று இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஓராண்டு முடிவில், துணை நீடித்தவர்களில் 100-க்கு ஏறத்தாழ 40 பேர் புகையாதிருந்தனர். அத்துணை இல்லாதவர்களில் ஏறத்தாழ 28 பேரே இருந்தனர். மூன்று மாதத்தோடு துணையை நிறுத்திக்கொண்ட பிரிவினர்க்கோ அதனால் நன்மை விளையவில்லை. சாய்ந்த கொடிக்கு ஊன்றிய கொம்பை, அது பற்றிப் படருமுன் பிடுங்கிவிடலாகாது என்பதை எந்த உழவரும் அறிவார்.

மொத்தத்தில் பிரிட்டன் வென்றதா? ஓரளவு வென்றது. இங்கிலாந்தில் பேறுகாலத்தில் புகைபிடிப்பவராக இருந்த தாய்மார் 2006–07-இல் 100-க்கு 15 பேர், 2023–24-இல் 7.4 பேர். 2022-ஆம் ஆண்டிற்குள் 6 பேராகக் குறைப்பதென்று அரசு 2017-இல் உறுதி பூண்டது. அவ்வாண்டில் அவ்வெல்லையை எட்டவில்லை. பழி கூறும் நாளேடுகள் பழி கூறின. ஆயினும், பாதியாகக் குறைந்த அந்த எண்ணிக்கையினுள், நிறை எடையோடு பிறந்து இன்று பள்ளிக்குச் செல்லும் ஆயிரமாயிரம் குழந்தைகள் இருக்கின்றனர்.

இனி நம் நாட்டின் பக்கம் திரும்புவோம். ‘நம் பெண்கள் புகைப்பதில்லையே, நமக்கு இக்கதை எதற்கு?’ என்று இருந்துவிடலாகாது. 2016–17-இல் இந்திய அரசு எடுத்த கணக்கின்படி, நம் பெண்களில் புகைபிடிப்போர் 100-க்கு 2 பேர். ஆனால் புகையிலையை மெல்வோர் முதலாகப் புகையின்றிப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 13 பேர். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையிலும் அதே நிகோடின்தான் உள்ளது. மும்பையில் 1,200-க்கு மேற்பட்ட கருவுற்ற பெண்களிடையே நடந்து 2004-இல் வெளியான ஆய்வு, புகையிலை மென்ற தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தமையைக் காட்டிற்று. அதே அரசுக் கணக்கில், புகைபிடிக்கும் ஆடவர் 100-க்கு 19 பேர். அவர்களில் எத்தனை பேருடைய வீட்டில் கருவுற்ற மனைவியோ மருமகளோ இருப்பாள்! அவள் சிகரெட்டைத் தொடாமலே அதன் புகையைச் சுவாசிக்கிறாள். ‘வெளியே போய்ப் பிடியுங்கள்’ என்று மாமனாரிடம் சொல்லும் துணிவு அவளுக்கு ஏது? அவளுக்காகச் சொல்ல வேண்டியவன் கணவன். கணவனே புகைப்பவனாயின், முதலில் துணை தேட வேண்டியவனும் அவனே.

துணை தேடுவார்க்கு இங்கும் வழி உண்டு. புகையிலையை விட விரும்புவோர்க்காக இந்திய அரசு 2016-இல் கட்டணமில்லாத் தொலைபேசித் துணையைத் தொடங்கிற்று. அதன் எண் 1800-11-2356. மருத்துவரிடமோ, கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ வெட்கமின்றிச் சொல்லலாம். பட்டையோ கோந்தோ மருத்துவரைக் கேட்ட பின்னரே கருவுற்றோர் பயன்படுத்த வேண்டும். தாமாக வாங்கிப் பயன்படுத்தலாகாது.

மாணவ மாணவியரே, உங்கள் வீட்டில் பாட்டியோ அத்தையோ அண்ணியோ புகையிலை மெல்பவராக இருக்கலாம். தந்தையோ அண்ணனோ புகைப்பவராக இருக்கலாம். நீங்கள் படித்த பாடத்தை அவர்கள்மீது கல்லாக எறியாதீர்கள். ‘விட்டுவிடுங்கள்’ என்று ஆணையிடாதீர்கள். அமைதியான வேளையில், அருகில் அமர்ந்து, ‘விட வேண்டுமென்று எப்போதாவது நினைத்ததுண்டா? விடுவதற்கு நான் ஏதாவது செய்யட்டுமா?’ என்று கேளுங்கள். பெரும்பாலோர் விட நினைத்தவரே. பலமுறை முயன்று தோற்றவரே. தோற்றதை நாணி மறைத்து வைத்திருப்பர். கேட்டால் சொல்லுவர். சொன்னபின் தொலைபேசி எண்ணை எழுதித் தருவதோடு நில்லாமல், நீங்களே அழைத்து அவர் கையில் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் கேளுங்கள். தவறிவிட்டேன் என்றால், மறுபடியும் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

பல்லாண்டுகளுக்கு முன் வழிபாட்டுக் கூட்டத்தில் தலைகுனிந்து நின்ற அச்சிறுவனிடம் நான் கேட்கத் தவறிய கேள்வி இதுவே. அன்று பேருந்து நிலையத்தில், விடைபெறுமுன், அக்கேள்வியைக் காலங்கடந்தேனும் கேட்டேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, “சின்னது பிறந்தபோது மூன்று மாதம் விட்டிருந்தேன், ஐயா” என்றான். மூன்று மாதம் விட்டவனால் மீண்டும் விட முடியும் என்று சொன்னேன். தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டான். அவன் விட்டானா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.